பதிவாகும் காட்சியும் ஓர் அமானிதமே



சென்ற ஆண்டு ரமளான் முடிந்த சில நாட்களில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் உண்டியல் இரவில் உடைக்கப்பட்டது. ஜமாஅத் நிர்வாகம் மறுநாளே கூட்டம் கூட்டியது. மதரஸா உஸ்தாத் என்ற முறையில் நானும் அழைக்கப்பட்டிருந்தேன். நான்கு கேமராக்கள் பொருத்துவதென்று ஒரு மனதாக முடிவாயிற்று. விலை எவ்வளவு, இருட்டில் முகம் தெரியுமா, கைப்பேசியில் பார்க்கலாமா ஆகிய மூன்று கேள்விகளே அன்று கேட்கப்பட்டன. பதிவுகள் எங்கே போய்ச் சேரும், அவற்றை யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு மாதங்கள் கழிந்தன. ஒரு ஜும்ஆ நாளின் மாலையில் மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் சிறு காணொளி ஒன்று வந்தது. பள்ளிவாசல் வாசலில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் குனிந்து ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துக்கொண்டு வேகமாகப் பக்கவாட்டில் ஓடுகிறான். "செருப்புத் திருடனைப் பாருங்கள்" என்று கீழே எழுதியிருந்தது. அவன் என்னிடம் ஓதும் மாணவன். நான் பார்த்தேன், திடுக்கிட்டேன், ஆனால் ஒன்றும் எழுதாமல் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டேன்.

உண்மை இஷாவுக்குள் தெரிந்துவிட்டது. அவனுடைய நன்னா முழங்கால் வலியால் படியிறங்க இயலாமல், சாய்வுப் பாதை உள்ள பின்வாசல் வழியே வெளியேறியிருக்கிறார். தம் செருப்பை அங்கே எடுத்து வரும்படி பேரனை அனுப்பியிருக்கிறார். அவ்வளவுதான். காணொளியை இட்டவர் வருத்தம் தெரிவித்து அதை நீக்கினார். அதற்குள் அது எத்தனையோ குழுக்களுக்குப் போய்விட்டது. கடல் கடந்தும் போய்விட்டது.

அந்தப் பிள்ளை பதினொரு நாட்கள் மதரஸாவுக்கு வரவில்லை. வீட்டுக்குச் சென்று அருகில் அமர்ந்து பேசினேன். அவன் தலை நிமிராமல் கேட்டான்: "ஹஜ்ரத், துபாயில அத்தா போனுக்கும் அது வந்துடுச்சு. எல்லார் போன்லேருந்தும் அதை அழிக்க முடியுமா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலின்மையிலிருந்தே எழுதப்படுகிறது.

பாதுகாப்பு தேடுவது தவறன்று

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கேமராவே கூடாது என்று வாதிட நான் வரவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று வினவிய மனிதருக்கு, கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு திர்மிதியில் உள்ளது. வக்ஃபுச் சொத்தையும், ஸதகாப் பணத்தையும், தனித்து வாழும் முதியோரையும் காப்பதற்குக் கேமரா பயன்படுமானால் அதுவும் ஒட்டகத்தைக் கட்டும் கயிறுதான்.

மதரஸா வகுப்பறையில் கேமரா வைப்பது உஸ்தாதுமார்களை அவமதிப்பதாகும் என்று சிலர் சொல்வதுண்டு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பிக்கும் நான் அதை அவமதிப்பாகக் கருதவில்லை. பிள்ளைகளை நம்மிடம் ஒப்படைத்த பெற்றோருக்கு மன நிம்மதி தேவை. அடிபட்டதாகவோ அதனினும் கொடியது நிகழ்ந்ததாகவோ ஒரு பிள்ளை சொன்னால், அச்சொல்லுக்குச் சாட்சி தேவை. வீண்பழி சுமத்தப்பட்ட ஆசிரியருக்கும் அதே சாட்சி தேவை.

ஆகவே கேமரா ஒரு சாட்சி. சாட்சிக்குரிய ஒழுக்கம் அதற்கு வேண்டும் என்பதே என் பேச்சு. அந்த ஒழுக்கம் கண்ணாடி வில்லையில் இல்லை. பதிவுகள் சென்று சேரும் பெட்டியிலும் அதன் சாவியை வைத்திருப்பவரிடத்திலும் இருக்கிறது.

கேமராவின் பார்வை எங்கே நிற்க வேண்டும்?

பெட்டியைப் பற்றிப் பேசுமுன் பார்வையைப் பற்றிச் சில வரிகள். நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்குள் ஒருவர் கதவுத் துளை வழியே எட்டிப் பார்த்தார். அண்ணலாரின் கையில் தலைகோதும் இரும்புச் சீப்பு இருந்தது. அவர் பார்ப்பது தெரிந்திருந்தால் அதைக் கொண்டே அவரது கண்ணைக் குத்தியிருப்பேன் என்ற பொருள்பட அவர்கள் எச்சரித்தார்கள். அனுமதி கோரும் சட்டம் பார்வையின் காரணமாகவே விதிக்கப்பட்டது என்றும் விளக்கினார்கள். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. கருணையே உருவான நபியின் நாவிலிருந்து இத்துணைக் கடுமையான சொல் வெளிப்பட்டதென்றால், வீட்டின் மறைவு எவ்வளவு புனிதமானது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

நம் தெருக்களில் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை. நம் வாசலுக்கென்று வைத்த கேமரா எதிர்வீட்டு மாடத்தையும், பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்தும் பெண்களையும் இரவு பகலாகப் பதிவு செய்துகொண்டிருக்கும். ஒரு துளை வழியே ஒரு கணம் பார்த்தவருக்கே அந்த எச்சரிக்கை என்றால், துளையே இல்லாமல் மாதக்கணக்கில் பார்ப்பவரின் நிலை என்ன?

இதற்குத் தீர்வு எளிது. முதலாவது, கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து நம் படிக்கட்டு வரை மட்டும் காணச் செய்தல். இரண்டாவது, காட்சியின் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதியைப் பயன்படுத்துதல். இவ்வசதி இன்றைய பெரும்பாலான கேமராக்களில் உண்டு. அப்பகுதி பதிவில் சேர்வதே இல்லை. பொருத்தி முடித்ததும் அண்டை வீட்டாரை அழைத்துத் திரையைக் காட்டிவிடுவது நல்லது. பள்ளிவாசலில் ஹவுள், கழிப்பறைப் பகுதி, பெண்கள் தொழுமிடம் ஆகியவற்றின் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. மதரஸா விடுதியில் நடைபாதையோடு நிற்க வேண்டும்; பிள்ளைகள் உறங்கும் அறைக்குள் நுழையலாகாது.

ஒலியையும் மறந்துவிடக் கூடாது. பல கேமராக்களில் ஒலிவாங்கி இருக்கிறது. வாங்கும்போதே அது இயங்கும் நிலையில் இருக்கக்கூடும். தாம் கேட்பதை விரும்பாத மக்களின் பேச்சை ஒட்டுக்கேட்பவரின் காதில் மறுமையில் உருக்கிய ஈயம் ஊற்றப்படும் என்ற எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரி பதிவு செய்துள்ளார். திருடனைப் பிடிக்க முகம் போதும். வாசலில் நின்று இரு சகோதரிகள் பேசும் குடும்பக் கதை அதற்குத் தேவையில்லை. ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள்.

பதிவு எங்கே போகிறது?

அந்தக் காணொளி எப்படி வெளியே வந்தது என்று நாங்கள் விசாரித்தோம். எங்கள் கேமராக்களின் பதிவுகள் விற்ற நிறுவனத்தின் கிளவுட் சேமிப்பில் சேர்ந்துகொண்டிருந்தன. பொருத்தியவர் ஒரே கணக்கையும் ஒரே கடவுச்சொல்லையும் ஏழு பேரின் கைப்பேசியில் அமைத்துக் கொடுத்திருந்தார். அவர்களில் ஒருவர் ஓய்வாக இருந்தபோது வாசல் காட்சியைப் பார்த்திருக்கிறார், ஐயம் தோன்றியிருக்கிறது, அப்படியே பதிவிறக்கி அனுப்பிவிட்டார். அவர் கெட்டவர் அல்லர். பள்ளியின் நன்மைக்கென்றே செய்தார். எளிதில் தவறு செய்யும்படியான வசதியை அவருக்கு நாங்கள்தாம் கொடுத்திருந்தோம்.

பிறரது சேமிப்பில் வைப்பதன் ஆபத்து இதனோடு நிற்கவில்லை. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் வெர்காடா நிறுவனத்தின் அமைப்புக்குள் ஊடுருவியவர்கள், மருத்துவமனைகள், பள்ளிக்கூடங்கள், சிறைகள் உள்ளிட்ட இடங்களின் ஏறத்தாழ 1,50,000 கேமராக்களின் காட்சிகளை எட்டினர். 2023-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ரிங் நிறுவனத்தின் மீது, அதன் ஊழியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் வாடிக்கையாளரின் தனிப்பட்ட காணொளிகளைப் பார்க்க இடமளித்ததாகக் குற்றம் சாட்டியது. 58 லட்சம் டாலர் செலுத்தி அவ்வழக்கு முடிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் சேவை தடைபட்டு மீண்டபோது, சுமார் 13,000 பேருக்கு அவர்களுடையதல்லாத கேமராக்களின் படங்கள் காட்டப்பட்டன. ஒருவர் வீட்டின் உட்புறத்தை முன்பின் அறியாதவர் தம் கைப்பேசியில் கண்டார்.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்கள். நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் நடமாடும் காட்சியை மாதச் சந்தா கட்டிப் பிறரிடம் ஒப்படைக்கும் முன், அவர் அமானிதத்துக்குத் தகுந்தவரா என்று நாம் பார்த்தோமா?

அல்லாஹ் அமானிதங்களை அவற்றுக்கு உரியவரிடம் ஒப்படைக்குமாறு கட்டளையிடுகிறான் (அல்குர்ஆன் 4:58). ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லும்போது யாரேனும் கேட்கிறார்களா எனத் திரும்பிப் பார்த்தால், அப்பேச்சே அமானிதமாகிவிடும் என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. தலையைத் திருப்பியதே போதும். "யாரிடமும் சொல்லாதே" என்ற சொல்கூடத் தேவையில்லை. கேமராவின் முன் நடந்து செல்பவரோ திரும்பிப் பார்க்கும் வாய்ப்பைக்கூடப் பெறாதவர். அவருடைய உருவம் நம்மிடம் எத்துணைப் பெரிய அமானிதம்!

நம் பெட்டி, நம் சாவி

ஆகவே எங்கள் ஜமாஅத் பதிவுகளைப் பள்ளிவாசலுக்குள்ளேயே வைப்பதென்று தீர்மானித்தது. மஹல்லாவைச் சேர்ந்த கணினிப் பொறியாளரான இளைஞர் ஒருவர் பணியை ஏற்றார். நான் உடனிருந்து கற்றுக்கொண்டேன். இதே வேலையை வீட்டில் செய்ய நினைக்கும் குடும்பங்களுக்குப் பயன்படுமென்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நெட்வொர்க் ஸ்டோரேஜ் என்பது ஹார்டு டிஸ்குகள் செருகப்பட்ட சிறு பெட்டி. என்.ஏ.எஸ். என்றும் சொல்வர். அது ரவுட்டரோடோ சுவிட்சோடோ கேபிளால் இணைந்து நிற்கும். ஐ.பி. கேமராக்கள் அதே இணைப்பின் வழியே காட்சிகளை அதற்கு அனுப்ப, அது எழுதி வைக்கும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் என்.வி.ஆர். பெட்டியும் இதே வேலையைச் செய்யும். என்.ஏ.எஸ். பெட்டியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, யார் எப்போது நுழைந்தார் என்ற குறிப்பு, கோப்புகளைப் பூட்டும் முறை ஆகியவற்றை நுணுக்கமாக அமைக்க முடிகிறது. கேமரா வாங்கும்போது ஆன்விஃப், ஆர்.டி.எஸ்.பி. ஆகிய பொதுத் தரங்களுக்கு அது ஒத்துழைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையேல் அதன் நிறுவனத்தின் செயலிக்குள்ளேயே அடைபட நேரும். சில பெட்டிகளில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் கேமரா சேர்க்கத் தனி உரிமக் கட்டணம் உண்டு. சினாலஜி பெட்டிகளில் இரண்டு கேமராக்களுக்கான உரிமமே உடன் வரும். அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? முழு எச்.டி. தரத்தில் எச்.265 முறையில் சுருக்கப்படும் காட்சி விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் வந்தால், ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிகாபைட் ஆகும். நான்கு கேமராக்களுக்கு 86 ஜிகாபைட். 15 நாட்களுக்குச் சுமார் 1.3 டெராபைட். இன்னும் தெளிவான காட்சி வேண்டி 4 மெகாபிட் வைத்தால் இது இரு மடங்காகும். எங்களுக்கு 4 டெராபைட் டிஸ்குகள் இரண்டு தேவைக்கு மேலாகவே போதுமாயின. ஒன்றில் எழுதப்படுவதே மற்றொன்றிலும் எழுதப்படும். ஒன்று பழுதானாலும் பதிவு நிற்காது. இரவு பகல் ஓயாமல் எழுதுவதற்கென்று கண்காணிப்புத் தர டிஸ்குகள் தனியே கிடைக்கின்றன. சாதாரணக் கணினி டிஸ்கைப் போட்டுச் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மின்சாரமும் இணைப்பும் ஒரே கேபிளில் செல்லும் பி.ஓ.இ. சுவிட்ச் இருந்தால் கேமராவுக்கருகே தனி மின்இணைப்பு வேண்டியதில்லை. அந்தக் கேபிள் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்டிக்கும் சுவிட்சுக்கும் சேர்த்து ஒரு யு.பி.எஸ். அவசியம். மின்தடை நேரத்தில்தான் திருடன் வருவான் என்பதோடு, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திடீரென நிற்பது டிஸ்குக்கும் கேடு. எல்லாக் கேமராக்களின் கடிகாரத்தையும் பெட்டியின் கடிகாரத்தோடு தானாக ஒத்திசையுமாறு அமைக்க வேண்டும். நேரம் பத்து நிமிடம் பிசகினாலும் சாட்சியம் பயனற்றுப்போகும்.

இனி மிக முக்கியமானது. சொந்தப் பெட்டி வைத்துவிட்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் எண்ணற்ற கேமராக்களையும் டி.வி.ஆர். பெட்டிகளையும் கைப்பற்றியது. அது செய்த தந்திரம் பெரிதொன்றுமில்லை: ஆலையில் வைத்த கடவுச்சொற்களை யாரும் மாற்றவில்லை என்பதை அறிந்து, அவற்றையே இட்டுப் பார்த்தது. 2022-இல் டெட்போல்ட் என்ற தாக்குதல், இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்கப்பட்டிருந்த கியூநாப் பெட்டிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. ஆகவே முதல் நாளே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். மென்பொருள் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்று ரவுட்டரில் வாசல் திறந்துவிடாதீர்கள், தேவையானால் வி.பி.என். வழியே மட்டும் நுழையுங்கள். கேமராக்களுக்கு இணையத் தொடர்பே தேவையில்லை. ரவுட்டரில் அதைத் தடுத்துவிடலாம்.

"திருடன் பெட்டியையே தூக்கிச் சென்றால்?" என்று முத்தவல்லி கேட்டார், நியாயமான கேள்வி. எங்கள் பெட்டி உண்டியலுக்கருகே இல்லை; மாடியறையில், சுவரோடு பிணைத்த, காற்றோட்டமுள்ள இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. வாசல் கேமராவின் பதிவு மட்டும் வேறிடத்திலுள்ள ஜமாஅத் அலுவலகத்துக்கு, திறவுகோலின்றிப் படிக்க இயலாதவாறு மறைகுறியாக்கப்பட்டு நகலாகிறது.

எத்தனை நாள் வைப்பது?

பெட்டியில் இடமிருக்கிறது, மூன்று மாதம் வைக்கலாமே என்று சிலர் கூறினர். நான் மறுத்தேன். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைப்பான் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி முஸ்லிமில் உள்ளது. மறதி என்பது அல்லாஹ் மனிதனுக்கு அளித்த அருட்கொடைகளுள் ஒன்று. பள்ளி வாசலில் இரு சகோதரர்கள் சினந்து பேசியது, ஒரு முதியவர் தடுக்கி விழுந்தது, ஓர் ஏழை உண்டியலில் எவ்வளவு போட்டார் என்பது ஆகியவை சில நாட்களில் மனித மனத்திலிருந்து மறைந்துவிடும். டிஸ்க் தானாக மறக்காது. மறக்கும்படி நாம்தான் ஏவ வேண்டும். திருட்டோ சேதமோ நிகழ்ந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். வெளியூர் சென்றிருப்பவரையும் எண்ணி 15 நாட்கள் என்று வைத்தோம். பதினாறாம் நாள் பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும்.

குற்றம் நிகழ்ந்தால் மட்டும் அப்பகுதியைத் தனியே எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். சாட்சியத்தை மறைப்பதும் பாவமே (அல்குர்ஆன் 2:283). 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் அளிக்கும்போது அது எந்தக் கருவியில் எவ்வாறு உருவானது என்ற சான்றிதழும், அது திருத்தப்படவில்லை என்பதைக் காட்டும் ஹாஷ் மதிப்பும் இணைக்கப்பட வேண்டும். பதிவு நம் பெட்டியில், பெயர் தெரிந்த பொறுப்பாளரிடம் இருந்தால் இது எளிது. வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த துண்டுக் காட்சியைக் கொண்டு இதனை எப்படிச் செய்வது? அந்தச் சிறுவனின் காணொளி அவனை அவமானப்படுத்தப் பயன்பட்டது. அவன் உண்மையிலேயே திருடியிருந்தாலும் வேறெதற்கும் பயன்பட்டிருக்காது.

வீட்டுக்குள் கேமரா: சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பள்ளிவாசலில் இத்தனை கட்டுப்பாடு என்றால் வீட்டில் எவ்வளவு வேண்டும்! வளைகுடாவிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் உழைக்கும் நம் சகோதரர்கள் பலர் ஊரிலுள்ள வீட்டின் வெளிவாசலில் மட்டுமன்றிக் கூடத்திலும் சமையலறையிலும் கேமரா வைத்து, அங்கிருந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளைக் காணும் ஏக்கமே சிலருக்குக் காரணம். அதை நான் மதிக்கிறேன். வேறு சிலருக்குக் காரணம் ஐயம். "ஏன் நேற்று இவ்வளவு நேரம் போன் பேசினாய்? வந்து போனது யார்?" என்ற கேள்விகளைத் தாங்க இயலாமல் கண்ணீர் விட்ட சகோதரிகளை என் துணைவியார் வாயிலாக அறிவேன்.

பயணத்திலிருந்து திரும்புபவர், மனைவியைச் சந்தேகித்தோ அவளது குறைகளைத் தேடியோ இரவில் திடீரென வீடு புகுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் உள்ளது. ஓர் இரவு திடீரென வருவதே தடுக்கப்பட்டிருக்க, எல்லா இரவும் எல்லாப் பகலும் சொல்லாமல் வந்து நிற்பது எப்படி ஆகுமாகும்? ஐயங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கவும், துருவித் துருவி ஆராயாதிருக்கவும் இறைவன் ஏவுகிறான் (49:12). அந்த ஏவல் கணவருக்கும் சேர்த்தே.

ஸூரத்துந் நூர் 58-ஆம் வசனத்தை ஓதிப் பாருங்கள். ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில், வீட்டிலேயே வளரும் சிறுபிள்ளைகள்கூட அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்று அல்லாஹ் கற்பிக்கிறான். ஒரே கூரையின் கீழ் வாழ்பவருக்கிடையிலும் திரை உண்டு என்பதே அதன் பாடம். கேமரா அனுமதி கேட்பதில்லை.

நாட்டின் சட்டமும் இதே திசையில் நகர்ந்துள்ளது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2025-இல் உடன்பிறந்தோர் சேர்ந்து வாழும் வீட்டின் குடியிருப்புப் பகுதியில் ஒருவர் மற்றவரின் இசைவின்றிக் கேமரா இயக்குவது தனியுரிமையை மீறுவதாகும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பில் தலையிடவில்லை. கூட்டுக் குடும்பமாக வாழும் நம்மவர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

படுக்கையில் கிடக்கும் உம்மாவைப் பார்த்துக்கொள்ள, வேலையாளிடம் விட்டுச் செல்லும் கைக்குழந்தையைக் கவனிக்க உள்ளே கேமரா தேவைப்படும் வீடுகளும் உண்டு. அப்போது வீட்டிலுள்ள அனைவரின் சம்மதமும், வேலையாளுக்கு முன்கூட்டிய அறிவிப்பும் வேண்டும். குடும்பத்தார் இருக்கும்போது கேமரா அணைக்கப்பட வேண்டும். பதிவுப் பெட்டியின் கடவுச்சொல் வீட்டுத் தலைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். மனைவிக்குத் தெரியாத கடவுச்சொல் உள்ள வீட்டில், கேமரா யாரைக் காக்கிறது என்று கணவர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

"தவறு செய்யாதவன் ஏன் அஞ்ச வேண்டும்?"

இவ்வளவும் சொன்ன பிறகும் கேட்கப்படும் கேள்வி இது. பதிலாக அந்தச் சிறுவனையே சுட்டுகிறேன். அவன் தவறு செய்யவில்லை. பெரியவரின் சொல் கேட்டு நடந்தான், நன்மையே செய்தான். கேமராவும் பொய் சொல்லவில்லை. அவன் செருப்பை எடுத்ததும் உண்மை, ஓடியதும் உண்மை. ஆனால் பின்வாசலில் காத்திருந்த நன்னாவை அது காணவில்லை. காட்சி உண்மையாக இருந்தும் செய்தி பொய்யாயிற்று. செய்தியைத் தீர விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற இறைக்கட்டளை (49:6) காணொளிக்கும் பொருந்தும் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். அவ்வசனத்தின் விளக்கத்தைப் பலமுறை பாடம் நடத்தியவன் நான். அன்று மாலை, "சற்றுப் பொறுங்கள், அவன் என் மாணவன், கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த மௌனத்துக்காக அவனிடமே மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது எங்கள் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் இந்த விதிகள் ஒட்டப்பட்டுள்ளன:

1. இங்கு கேமராக்கள் உள்ளன. அவை காணும் இடங்கள் இவை என வரைபடத்தில் காட்டப்பட்டுள்ளன.
2. பதிவுகள் பள்ளிவாசலின் சொந்தப் பெட்டியில் 15 நாட்கள் இருக்கும், பின்னர் அழியும்.
3. பழைய பதிவைப் பார்க்க நிர்வாகிகளில் இருவர் சேர்ந்திருக்க வேண்டும். பார்த்த நாளும் காரணமும் ஏட்டில் எழுதப்படும்.
4. எந்தப் பதிவும் எவருடைய கைப்பேசிக்கும் மாற்றப்படாது. குற்ற வழக்கானால் காவல்துறையிடம் மட்டும் எழுத்து மூலம் அளிக்கப்படும்.
5. பிள்ளைகள் தொடர்பான பதிவைப் பெற்றோரில் ஒருவர் உடனிருக்கவே பார்க்க வேண்டும்.

மூன்றாம் விதிக்காகக் கடவுச்சொல்லை இரு பாதியாகப் பிரித்து இருவரிடம் கொடுத்துள்ளோம். தொழில்நுட்பம் அறிந்தோர் இதைவிடச் சிறந்த வழி சொல்லக்கூடும். ஆயினும் ஒருவர் மற்றவரை அழைத்து வர வேண்டியிருப்பதாலேயே, வீண் ஆர்வத்தில் பார்ப்பது நின்றுவிட்டது.

அந்தப் பிள்ளை மீண்டும் ஓத வருகிறான், அல்ஹம்துலில்லாஹ். ஜும்ஆ நாளில் நன்னாவின் செருப்பை அவன் இப்போது எடுத்துச் செல்வதில்லை. உறவினர் ஒருவர் எடுத்துச் செல்கிறார். அவன் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பரவிவிட்ட ஒன்றை நம்மால் அழிக்க இயலாது. பரவ வழியில்லாமல் வைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. உங்கள் கைப்பேசியில் அத்தகைய காணொளி ஏதேனும் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் கேமராவின் பதிவு எங்கே சேர்கிறது, யாரிடம் சாவி இருக்கிறது என்று இன்றிரவே பாருங்கள்.

நம் தோள்களிலும் இரு எழுத்தாளர்கள் அமர்ந்து ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் (50:17, 18). அந்த ஏட்டை அல்லாஹ் மறுமையில் எல்லோர் முன்னிலையிலும் விரித்துக் காட்டாமல் நம் குறைகளை மறைத்தருள வேண்டுமென்று நாம் ஆசைப்படுகிறோம். நம் கையிலிருக்கும் ஏட்டில் பிறர் குறைகளை நாமும் மறைப்போமாக.

யா அல்லாஹ்! எங்கள் பார்வைகளைப் பாதுகாப்பாயாக. எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணும் ஆற்றலை அளிப்பாயாக. எங்கள் குறைகளை மறைத்து, எங்கள் அச்சங்களை நீக்கி அமைதியளிப்பாயாக. ஆமீன்.